சிவப்பணுவில் அளந்த எஸ்.ஓ.டி. நுரையீரலைப் பற்றிப் பேசுமா?

சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) ஆய்வேடுகளில் ஓர் அட்டவணை தவறாமல் வரும். நோயாளிகளிடம் ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தடுக்கும் நொதிகளான எஸ்.ஓ.டி. (சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ்), கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் குறைவு; அந்தச் சிதைவின் அடையாளமான எம்.டி.ஏ. (மாலோன்டைஆல்டிஹைடு) அதிகம். "ஆகவே நுரையீரலின் தற்காப்பு தேய்ந்துவிட்டது" என்று அடுத்த பத்தியில் எழுதிவிடுவார்கள். அளந்தது என்னவோ கையில் எடுத்த ரத்தத்தின் சிவப்பணுவை.

எஸ்.ஓ.டி. மூன்று வகை. சைட்டோபிளாசத்தில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கொண்ட எஸ்.ஓ.டி.1. மைட்டோகாண்ட்ரியாவில் மாங்கனீசு கொண்ட எஸ்.ஓ.டி.2. செல்லுக்கு வெளியே, மூச்சுக்குழாய், ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருப்பது எஸ்.ஓ.டி.3; நுரையீரலில் இது ஏராளம். சிகரெட்டை ஒருமுறை இழுத்தால் வாயுப் பகுதியில் மட்டும் சுமார் பத்துக் கோடி கோடி ஃப்ரீ ராடிக்கல்கள் (செல்லைச் சிதைக்கும் வினைத்துடிப்பான துகள்கள்) உள்ளே போகின்றன. அவற்றை முதலில் எதிர்கொள்வது இந்தச் சுவர்ப் பகுதிதான். முதிர்ந்த சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை, ஆகவே எஸ்.ஓ.டி.2 கணக்கில் வராது. உட்கரு இல்லாததால், புகையை எதிர்கொள்ள என்.ஆர்.எஃப்.2 (தற்காப்பு மரபணுக்களை முடுக்கும் புரதம்) வழியே புது நொதி செய்யவும் அதற்கு வழியில்லை. பிறந்தபோது கிடைத்ததை வைத்துக்கொண்டு 120 நாள் ஓட்டுகிறது. ஆக்சிஜன் குறைந்த நோயாளியிடம் புதுச் சிவப்பணுக்கள் வேகமாக உருவானால், இளம் அணுக்களில் நொதி கூடுதலாக இருப்பதால் எண் உயர்ந்தே காட்டும். ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இவ்வளவு என்று வகுப்பது அணுவின் வயதைச் சரிசெய்யாது. ரெட்டிகுலோசைட் (புதிதாக வந்த இளம் சிவப்பணு) எண்ணிக்கையையும் சேர்த்து எடுத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

சிவப்பணுவில்தான் அளக்கப்போகிறோம் என்றால் முறையையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். பைரோகலால் காற்றில் தானாக ஆக்சிஜனேற்றம் அடைவதை எஸ்.ஓ.டி. எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பதுதான் பைரோகலால் முறை. இதில் தவறுவது பெரும்பாலும் பஃபர்தான் (பி.ஹெச்.சை நிலையாக வைக்கும் கரைசல்). இதற்குப் பயன்படும் ட்ரிஸ் கரைசலின் பி.ஹெச்., வெப்பம் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.03 இறங்கும். ஏ.சி. அறையில் 25 டிகிரியில் 8.2 என்று சரிசெய்தது, கரண்ட் போன மதியம் 35 டிகிரியில் 7.9 பக்கம் வந்து நிற்கும். பைரோகலாலின் தன்னாக்சிஜனேற்ற வேகம் பி.ஹெச்.சைப் பொறுத்தே மாறுவதால், காலை மாதிரியையும் மாலை மாதிரியையும் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு தொகுதிக்கும் பிளாங்க் (மாதிரி சேர்க்காத ஓட்டம்) தனியாக ஓட்டுங்கள். அதில் 420 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.02 ஏறும்படி பைரோகலாலைச் சரிசெய்யுங்கள். அதை 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, பழுப்புப் பாட்டிலில் அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கரைத்தால் கண்ணெதிரே பழுப்பாகும்.

ஹீமோகுளோபினும் 420 பக்கத்தில் பலமாக ஒளியை உறிஞ்சும். அதை நீக்க, 1 மில்லி குளிர்ந்த ஹீமோலைசேட்டுக்கு (சிவப்பணுவை உடைத்த கரைசல்) 0.25 மில்லி எத்தனால், 0.15 மில்லி குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கிச் சுழற்றினால் மேலே தெளிந்த திரவம் நிற்கும். இதே வேலையை நுரையீரல் திசுவில் செய்துவிடாதீர்கள், எஸ்.ஓ.டி.2 செத்துவிடும். இன்னொன்று, தடுப்புச் சதவீதம் நேர்கோட்டில் ஏறாது. 50 சதவீதம் தடுக்கும் அளவுதான் ஒரு யூனிட். மாதிரியை எவ்வளவு நீர்த்தால் 40 முதல் 60 சதவீதம் தடுக்கும் என்று தேடிப் பிடித்து அதிலிருந்து யூனிட் கணக்கிட வேண்டும். 90 சதவீதத்தை 50-ஆல் வகுத்து எழுதிய எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸுக்கு 240 நானோமீட்டர், குவார்ட்ஸ் குவெட் (ஒளியை அளக்கக் கரைசல் ஊற்றும் சிறு குப்பி). சாதாரண பிளாஸ்டிக் குவெட் அந்த ஒளியை விடாது. 10 மில்லிமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடின் ஒளி உறிஞ்சல் 0.43 சுமாருக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பாட்டில் பழசு. முதல் 30 வினாடி சரிவை மட்டும் எடுங்கள், பிறகு பெராக்சைடே நொதியை முடக்கத் தொடங்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்து எண் குறைந்தே வந்தாலும், "ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுக்கலாம்" என்று முடிவெழுதுவது அவசரம். 2005-இல் வெளிவந்த பிராங்கஸ் ஆய்வில் 523 நோயாளிகள் 3 ஆண்டு பங்கேற்றார்கள். தினமும் 600 மில்லிகிராம் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்சிடன்ட் எடுத்தவர்களுக்கும் எஃப்.இ.வி.1 (முதல் ஒரு வினாடியில் பலமாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) இறங்கும் வேகம் குறையவில்லை.

நுரையீரலுக்கு அருகில் போக எளிய வழி, தூண்டி எடுத்த கபம். அதிலும் ஒரு பொறி. கபத்தைக் கரைக்கப் போடும் டி.டி.டி. (டைதயோத்ரீட்டால்) தானே ஒரு தயோல், அதாவது கந்தக-ஹைட்ரஜன் தொகுதி கொண்ட சேர்மம்; குளூட்டாதயோன் என்ற ஆன்டிஆக்சிடன்டும் அப்படித்தான். தயோலுடன் சேர்ந்தால் மஞ்சளாகும் டி.டி.என்.பி. கொண்டு குளூட்டாதயோன் பார்த்தால் நோயாளி, ஆரோக்கியர் எல்லோருக்கும் ஒரே மஞ்சள்தான். குளூட்டாதயோனுக்கான பங்கைக் கரைப்பதற்கு முன்பே, உப்புக்கரைசலில் மட்டும் கலக்கிச் சுழற்றி, தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.