ரெட் ஆக்சைடும் ஒரு பொம்மைத் துப்பாக்கியும்

“இரும்பு கேட்டுக்கு அடிச்சாலே வருஷக்கணக்கா நிக்குது, பொம்மைக்கு நிக்காதாம்மா?”

இப்படிச் சொல்லித்தான் அந்தக் கடைக்காரர் ரெட் ஆக்சைடு ஸ்ப்ரேயை என் கையில் திணித்தார். நான் கேட்டது பிளாஸ்டிக் பிரைமர், அதாவது பெயின்ட் பிடித்துக்கொள்ள முதலில் அடிக்கிற பூச்சு. இரும்பு, மரம், சுவர் இந்த மூன்றையும் தவிர உலகத்தில் வேறு எதற்கும் பிரைமர் உண்டென்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடித்தேன். காய்ந்தது. பார்க்க நன்றாகவும் இருந்தது. மேலே கறுப்பு அடித்து, கோடு போடுவதற்கு மாஸ்கிங் டேப் ஒட்டி உரித்தால், டேப்போடு சேர்ந்து கறுப்பும் வந்தது, ரெட் ஆக்சைடும் வந்தது, உள்ளே இருந்த பளீர் மஞ்சள் என்னைப் பார்த்துச் சிரித்தது. டப்பாவைத் திருப்பிக் கொண்டுபோனேன். “திறந்த டப்பாவை எடுக்க மாட்டோம்” என்றார். திறக்காமல் எப்படி அடிப்பது என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளுக்கு டிஸ்டெம்பர் கலக்கப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். புதுச்சேரியில் ஒரு கல்லூரி விழாவில் காஸ்ப்ளே போட்டி, கதைப் பாத்திரம் போல வேடமிட்டு வருவது. நான் விண்வெளிக் கடத்தல்காரி. உடை, பூட்ஸ், இடுப்புப் பட்டை எல்லாம் வீட்டிலேயே தேறிவிட்டன. கையில் பிடிக்க ஒரு லேசர் துப்பாக்கி மட்டும் வேண்டும். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் மஞ்சளும் நீலமுமாக, ஸ்பாஞ்ச் குண்டு சுடும் மலிவு பொம்மை ஒன்று கிடைத்தது. பெயர் இல்லை, ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம் என்பது சந்தைக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், எந்த பிளாஸ்டிக் என்று சொல்லும் முக்கோணக் குறிகூட அதன் மேல் இல்லாததுதான்.

இணையத்தில் பார்க்கிற வீடியோக்களில் பெரும்பாலும் நெர்ஃப் என்ற கம்பெனியின் பொம்மைத் துப்பாக்கியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் மேலுடல் ஏபிஎஸ் பிளாஸ்டிக். தேய்த்து, கழுவி, பிரைமர் அடித்தால் பெயின்ட் பிடித்துக்கொள்ளும். சந்தைப் பொம்மை பலதும் பாலிப்ராப்பிலீன். பக்கெட், டிபன் டப்பா எல்லாம் அந்த இனம்தான். அதன் மேல் எதுவுமே லேசில் ஒட்டாது.

கண்டுபிடிக்க வழி உண்டு. எனக்கு இதைச் சொன்னவர் கார் டிங்கரிங் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் அண்ணன் ஒருவர். பொம்மையைப் பிரித்து, சின்னத் துண்டு ஒன்றை வாளித் தண்ணீரில் போட வேண்டும். மிதந்தால் பெரும்பாலும் பாலிப்ராப்பிலீன், முழுகினால் பெரும்பாலும் ஏபிஎஸ். முழு பொம்மையை அப்படியே போடாதீர்கள், உள்ளே காற்று இருப்பதால் எதுவானாலும் மிதக்கும். துண்டில் ஒட்டியிருக்கும் குமிழியையும் விரலால் தட்டிவிடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் தனியாகச் சோதிப்பது நல்லது. என்னுடையதில் உடல் மிதந்தது, பின்னால் இழுக்கும் பிடி முழுகியது.

“கார் பம்பரும் இதே சாதிதாம்மா. பம்பருக்கு அடிக்கிற பிரைமரை அடி, நிக்கும்” என்றார் அண்ணன். கார் பெயின்ட் விற்கும் கடையில் பிளாஸ்டிக் பிரைமர் என்று கேட்டால் நிறமே இல்லாத ஒரு ஸ்ப்ரே தருவார்கள். அதைத் தேடி நான் பாண்டிக்கு பஸ் ஏறியது ஒரு வீண் அலைச்சல். நடு மதியத்தில் போய் இறங்கினேன், கடை ஷட்டர் இறங்கிக் கிடந்தது. அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பல கடைகளைச் சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். கடைசியில் அந்த ஸ்ப்ரே கிடைத்தது எங்கள் ஊர் கடலூரிலேயே, அண்ணன் வழக்கமாக வாங்கும் கடையில்.

ஒரு நல்லதும் நடந்தது. ஒட்டாத பெயின்ட் என்பதால் பழைய பூச்சை எடுக்க எந்த மருந்தும் தேவைப்படவில்லை. நகத்தால் நெம்பினாலே தாள் தாளாக உரிந்து வந்தது. தின்னரால் துடைத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஏபிஎஸ் பாகமாக இருந்தால் மேற்பரப்பு இளகிப் பிசுபிசுத்துவிடும்.

பிரித்தது, கழுவியதெல்லாம் சுலபம். திருகுகளைக் கழற்றும் முன் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருந்தால் தெறிக்கும், முகத்துக்கு நேரே வைத்துத் திறக்க வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பு, பச்சை நார், அப்புறம் 600 நம்பர் வாட்டர் பேப்பர். முரட்டு உப்புத்தாள் போட்டால் பாலிப்ராப்பிலீன் பஞ்சு பஞ்சாகச் சிலிர்த்துக்கொள்ளும், பிறகு எத்தனை கோட் அடித்தாலும் அது மறையாது.

சுடுகிற பெரிய ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டேன். விழா விதிகளில் எதுவும் சுடக்கூடாது என்று இருந்தது. விசையின் சின்ன ஸ்பிரிங்கை மட்டும் விட்டுவைத்தேன், அதனால் அழுத்தினால் ‘டிக்’ சத்தம் மட்டும் வரும். அந்த ‘டிக்’கில் எனக்குத் தனிப் பெருமை.

மேலே தொலைநோக்கி போல ஒரு பிவிசி குழாய்த் துண்டு, பக்கவாட்டில் பழைய கணினியிலிருந்து கழற்றிய அலுமினிய ஹீட் சிங்க் (சூட்டைத் தணிக்கும் வரிவரியான தகடு), முனையில் நீல எல்இடி. இவற்றை எம்-சீல் வைத்து ஒட்டினால் காய்ந்தபின் மொத்தமாகக் கழன்று வந்தது. எம்-சீல் மேல் குற்றமில்லை, பாலிப்ராப்பிலீன் யாரையும் சேர்க்காது. க்விக் பசைக்கும் அதே கதிதான். துளை போட்டு உள்பக்கமிருந்து சின்னத் திருகு முடுக்குவதுதான் எனக்குக் கைகொடுத்த வழி. முடுக்கியபின் இடுக்குகளை மட்டும் எம்-சீலால் அடைத்தேன், திருகுத் தலைகள் பிடிமானம் கொடுத்ததால் நின்றது. நீல எல்இடிக்கு 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்றே போதும், சிவப்பு என்றால் ரெசிஸ்டர் சேர்ப்பது நல்லது. வீட்டில் குழந்தை இருந்தால் பேட்டரி மூடியைத் திருகு போட்டு முடுக்குங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பம்பர் பிரைமரை மெல்லிய பனிபோல ஒரு கோட், டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் அதன் மேல் கறுப்பு. உரசி நகரும் பாகங்களில் பெயின்ட் அடிக்கக்கூடாது, அடித்தால் இறுகிக்கொள்ளும். இந்த முறை டேப்பை ஒட்டி உரித்தேன். டேப் மட்டும் வந்தது! வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா, “இதுக்கா இந்தக் கத்து?” என்று கேட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

தேய்ந்துபோன பழைய ஆயுதம் போலக் காட்டுவதுதான் இதில் ருசியான வேலை. வெள்ளி அக்ரிலிக்கைத் தூரிகையில் தொட்டு, முக்கால்வாசியைச் செய்தித்தாளில் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் தடவினால் அடியில் இரும்பு தேய்ந்து தெரிவது போல இருக்கும். அப்புறம் தண்ணீர் கலந்த கறுப்பில் ஒரு சொட்டு சோப்பு விட்டுப் பூசி, உடனே துணியால் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் அழுக்கு தங்கும். கை எங்கே படும், உறையில் எங்கே உரசும் என்று யோசித்துச் செய்ய வேண்டும், கண்ட இடத்தில் தேய்த்தால் பொய்யாகத் தெரியும்.

எல்லாம் முடிந்து, பெயின்டைக் காக்கும் பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சான மேட் கிளியர் கோட் அடித்த அன்று சாயங்காலம் வானம் மூடியிருந்தது. ஐப்பசி மாதம், கடல் காற்று வேறு. அடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் கறுப்பெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. சுண்ணாம்பில் புரட்டி எடுத்தது போல ஆனது என் துப்பாக்கி. நேரே பட்டறைக்கு ஓடினேன். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிகிறது, அதுதான் அந்த வெள்ளை. “வெயில் வர்ற அன்னிக்கு அதே ஸ்ப்ரேயை லேசா ஒரு கோட் விடு, சரியாயிடும். எடுத்து எறிஞ்சிடாதே” என்றார் அண்ணன். காத்திருந்து ஒரு நல்ல வெயில் நாளில், முற்பகலில் அடித்தேன். கண்ணெதிரே வெள்ளை கரைந்து கறுப்பு திரும்பி வந்தது. நம் கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் ஸ்ப்ரே அடிக்க நேர்ந்தால் சாயங்காலம் வேண்டவே வேண்டாம். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் தூவல் சீராக வரும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், வெடிக்கும்.

முனையை மட்டும் ஆரஞ்சாகவே விட்டிருந்தேன். அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கிக்கு ஆரஞ்சு முனை வேண்டும் என்று 1988-லேயே சட்டம் போட்டார்கள். நம் விழாக்காரர்களும் அதையே விதியாக வைத்திருந்தார்கள். தோழிகள் எல்லாம் “அழகைக் கெடுக்குது, அதையும் கறுப்பாக்கு” என்றார்கள். நல்லவேளை, கேட்கவில்லை. விழாவின் வாசல் காவலர் முதலில் “துப்பாக்கியெல்லாம் உள்ளே விட முடியாது” என்று மறித்தார். ஆரஞ்சு முனையைக் காட்டி, விசையை அழுத்தி, விதித் தாளையும் நீட்டிய பிறகே நகர்ந்தார். அந்தத் தாளை அச்செடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். போனில் காட்டினால் யாரும் படிப்பதில்லை.

திரும்பும்போது இரவு பஸ்ஸை எல்லைச் சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். பாண்டியிலிருந்து பாட்டில் வருகிறதா என்று பார்க்கிற வழக்கமான சோதனைதான். என் பையைத் திறந்த போலீஸ்காரர் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார். பின்னாலிருந்த பாட்டி “ஐயோ, பெண்ணைப் பார்த்தா அப்படித் தெரியலையே” என்றது எனக்கு நன்றாகக் கேட்டது. ஆரஞ்சு முனையைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். “ஏம்மா, சொல்லிட்டுத் திறக்கச் சொல்லக்கூடாதா?” என்றார். சரிதான். இந்த மாதிரிப் பொருள் பையில் இருந்தால் அவர்கள் கை வைக்கும் முன்பே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைக்கவே கூடாது, பொம்மையாக இருந்தாலும் அனுமதி கிடையாது.

பரிசு கிடைக்கவில்லை. பிடியில் மட்டும் வியர்வை பட்ட இடத்தில் பெயின்ட் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் முழுசாக இறுக ஒரு வாரமாவது விட வேண்டும். போட்டியில் பார்த்த ஒருத்தி தனக்கும் இதே மாதிரி ஒன்று செய்து தரச்சொல்லி நச்சரிக்கிறாள். தை பிறக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த ஈரக்காற்றில் இன்னொரு கிளியர் கோட் அடிக்க எனக்குத் தெம்பில்லை.