முடிச்சு எந்தப் பக்கம்?

போன ஆனி மழையில், குலசேகரத்துக்கு மேலே நான் பால் வெட்டும் ரப்பர் விளையில், விடியுமுன் இருட்டில் கால் வழுக்கியது. பாதம் சகதியில் புதைந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. வலது முட்டிக்குள் பொட்டென்று ஒரு சத்தம். மறுநாள் காலை முட்டியை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை.

ஊரில் எல்லாவற்றையும் ‘ஜவ்வு’ என்போம். எனக்குக் கிழிந்தது உள்பக்க மெனிஸ்கஸ். தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே பிறை மாதிரி கிடக்கும் மெத்தை அது. அதன் வெளி ஓரத்தில்தான் ரத்த ஓட்டம் உண்டு, உள் ஓரத்தில் கிடையாது. ரத்தம் போகும் இடம்தான் ஆறும். என் கிழிசல் வெளி ஓரத்தில் இருந்ததால் வெட்டி எடுக்காமல் தைத்தார்கள். இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கத்தி பட்டையோடு நின்றால் மரம் புதுப்பட்டை போடும். தடிவரை இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் மூடும்.

1883-இல் எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் என்ற மருத்துவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மெனிஸ்கஸைக் குடல்நூலால் தைத்திருக்கிறார். அந்தத் தொழிலாளியும் முட்டியை நம்பிப் பிழைத்தவர்தான்.

எனக்குப் போட்டது கரையாத நூல், நாலு தையல். உள்ளிருந்து ஊசியை மூட்டு உறைக்கு வெளியே எடுத்து, உறையின் மேல் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தையல் சுற்றியுள்ள சதையை என்ன செய்யும் என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

எனக்கு விளங்க வைத்தது பிசியோதெரபி செய்யும் தங்கச்சி. “அண்ணே, மடங்கின முட்டில உறையையும் சேர்த்து இறுக்கிக் கட்டினா, நீட்டும்போது பின்னால இழுக்கத்தான் செய்யும். கொஞ்சங்கொஞ்சமா விடும்” என்றாள். மூணு மாசம் படுக்கையில் காலை நீட்டும்போதெல்லாம் அந்த இழுப்பு இருந்தது. இப்போது இல்லை. முட்டிக்குக் கீழே உள்பக்கம், உள்ளங்கை அளவு இடம் மட்டும் மரத்தே கிடக்கிறது. அவ்வழியே தோலுக்குப் போகும் நரம்புக்கிளை தையல் போடும்போது மாட்டியிருக்கலாம் என்றாள். ரப்பர் பால் சொட்டி அங்கே காய்ந்து ஒட்டினாலும் எனக்குத் தெரிவதில்லை, உரித்தெடுக்கும்போதுதான் பார்க்கிறேன்.

தூத்தூரில் பந்து விளையாடும் என் கூட்டுக்காரனுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். அவனுக்கு முடிச்சு மூட்டின் உள்பக்கமே இருந்தது. நடக்க நடக்க அது எதிரே தொடை எலும்பின் வழுவழுப்பான குருத்தெலும்பில் உரசியிருக்கிறது. இரண்டாம் முறை குழாய் விட்டுப் பார்த்தபோது, முடிச்சுக்கு நேரெதிரே கோடு விழுந்திருந்ததாம். குருத்தெலும்பு தேய்ந்தால் பட்டை மாதிரி திரும்ப வளராது. அவனை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

நூல் உறுதியாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அவித்த முட்டையை நூலால் அறுப்போமே, அதுபோல் மெனிஸ்கஸ் ஆறுமுன் பாரம் ஏறினால் நூல் அறாது, சதைதான் அறும். ஆழமாகக் குத்தவைக்கும்போது தொடை எலும்பு பின்னால் உருண்டு, தைத்த இடத்தையே அமுக்கும். ஆறு வாரம் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்காதே என்றது அதனால்தான். காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், நாலாம் வாரம் கக்கூஸில் குத்தவைத்திருக்க மாட்டேன்.

இலை உதிர்ந்து, துளிர்த்து, பங்குனியில் மறுபடி வெட்டு தொடங்கியாச்சு. உயர வெட்டு உள்ள மரங்களை நான் பார்க்கிறேன். வெட்டு அடிவரை இறங்கிய அறுபது மரத்துக்கும் என் வீட்டுக்காரி குத்தவைக்கிறாள்.