பங்குனி உத்திரத்தில் ஒரு வெள்ளைச் சேலை

முகப்பில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த ஆத்தா, மாடிப்படியில் இறங்கி வந்த அக்காவைப் பார்த்ததும் நாரை அப்படியே மடியில் போட்டுவிட்டார்கள். கரைகூட இல்லாத வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. விடிந்தும் விடியாத நேரம். அன்றைக்குப் பங்குனி உத்திரம். நான் குன்றக்குடிக்குப் பால்குடம் எடுக்க வேண்டிய நாள்.

என்னைப் பட்டாலைப் பக்கம் இழுத்துப்போய் ஆத்தா கிசுகிசுத்தார்கள். “ஏத்தா, அவுக வீட்டுக்காரர் நேத்து ராத்திரிகூடப் போன்ல பேசுனாரே?”

பேசினார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். அக்கா கண்டிக்காரர், சிங்களவர், பௌத்தர். சிங்கப்பூரில் என் மகனோடு வேலை பார்க்கும் பையனின் அம்மா. கொழும்புச் செட்டியார் தெருப் பக்கம் பல வருடம் வேலை பார்த்ததில் தமிழ் நன்றாகப் பேசுவார். கதிர்காமத்துச் சாமியின் இந்தியக் கோயில்களையும் பார்த்துவிட வேண்டும் என்று வந்தவரை, உத்திரத்துக்கு எங்கள் வளவுக்கு வாருங்கள் என்று அழைத்தது நான்தான். அந்தப் பௌர்ணமியை அவர்கள் ‘மெதின் போயா’ என்கிறார்கள். ஞானம் பெற்ற பிறகு புத்தர் முதன்முறையாகக் கபிலவஸ்துவுக்குப் போய்த் தகப்பனாரைப் பார்த்த நாள். போயா அன்றைக்கு எட்டுச் சீலம், அதாவது எட்டு ஒழுக்க விதிகளைக் காப்பதாக உறுதி எடுப்பது அக்காவின் வழக்கம். சீலம் எடுத்தால் வெள்ளைதான் உடுத்துவார்கள்.

பக்கத்தில் விகாரையோ பிக்குவோ இல்லாததால் மாடி அறையிலேயே ஒரு சின்னப் புத்தர் படத்தின் முன் உட்கார்ந்து தானாகவே சொல்லிக்கொண்டாராம். பாலியில் ஒவ்வொரு வரியும் ‘வேரமணி சிக்காபதம் சமாதியாமி’ என்று முடிகிறது. இதிலிருந்து விலகியிருக்கும் பயிற்சியை ஏற்கிறேன் என்று அர்த்தம். கொல்லாமை, திருடாமை, பொய் சொல்லாமை எல்லாம் நமக்கும் தெரிந்ததுதான். உச்சிப்பொழுதுக்கு மேல் சாப்பாடு கிடையாது, பூவும் வாசனையும் கிடையாது, ஆட்டம் பாட்டம் பார்ப்பதில்லை, உயர்ந்த கட்டிலில் படுப்பதில்லை என்பவைதான் எங்கள் வீட்டைப் பாடாய்ப் படுத்தின.

மல்லிகைச் சரத்தை அவர் வாங்கவில்லை. ஆத்தாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“யாருக்கு நேர்ந்துக்கிட்டீங்க?” என்று காரில் கேட்டேன்.

“யாருக்கும் இல்ல. எனக்குத்தான் சொல்லிக்கிட்டேன். நாளைக்கு விடியிற வரைக்கும்.”

“நடுவுல ஒண்ணு தவறிப்போச்சுன்னா?”

“திரும்ப எடுக்கிறதுதான்.”

இது எனக்கு உடனே பிடிபடவில்லை. நாங்கள் கொடுக்கல் வாங்கல் குடும்பம். கொள்ளுத் தாத்தாவின் பேரேடுகள் இன்னும் இரண்டாங்கட்டு அறையில் கிடக்கின்றன. வரவில் சாமிக்கு மகமை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றது. அப்படி வளர்ந்ததாலோ என்னவோ, நேர்த்தி என்றாலே எனக்குக் ‘கடன்’ என்ற பாதிதான் முதலில் காதில் விழும். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று குன்றக்குடிக்கு மூன்று வருடம் பால்குடம் என்று நேர்ந்துகொண்டேன். முதல் வருடம் எடுத்தேன். இரண்டாம் வருடம் அப்பச்சி தவறிப்போனதால் தீட்டு. அந்த ஒரு வருட பாக்கி முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. அவருக்கு லேசாக இருமல் வந்தாலும், சாமி வட்டி போடுகிறாரோ என்று பயப்படுவேன்.

குன்றக்குடி மயில் வடிவ மலை என்பது ஐதீகம். பெரிய மருதுவுக்கு வந்த ராஜபிளவை இந்தச் சாமியின் திருநீற்றில்தான் ஆறியது, அந்த நன்றிக்குத்தான் மருது பாண்டியர் இங்கே திருப்பணி செய்தார்கள் என்று இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அடிவாரத்தில் காவடிகள் சுழன்றுகொண்டிருந்தன. மேளம், நாகசுரம், அரோகரா. ‘ஆட்டம் பாட்டம் பார்க்கக் கூடாதே’ என்று நான்தான் தவித்தேன். அக்கா தரையைப் பார்த்தபடி படியேறினார். “பாக்க வரல, கும்பிட வந்தேன்” என்றார்.

மேலே சண்முகநாதர் ஆறுமுகமும் பன்னிரண்டு கையுமாக மயில்மேல் இருக்கிறார். வள்ளிக்கும் தெய்வானைக்கும் தனித்தனி மயில். என் குடத்துப் பால் மற்றக் குடங்களின் பாலோடு சேர்ந்து இறங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டிக்கொள்ள வைத்திருந்த பட்டியல் முழுக்க மறந்துபோயிற்று. அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்ததும், என்ன கேட்டீர்கள் என்றேன்.

“கேக்கல. குடுத்தேன்.”

சீலம் காத்ததில் தனக்குச் சேரும் புண்ணியத்தைச் சாமிக்குப் பங்கு கொடுத்தாராம். ‘ஆகாசட்டா ச பும்மட்டா’ என்று தொடங்கும் பாட்டு. வானத்திலும் பூமியிலும் இருக்கிற தேவர்கள் இந்தப் புண்ணியத்தில் மகிழட்டும் என்று சொல்லி, காக்கும்படி வேண்டுவார்கள். முருகனுக்கே நாம் கொடுப்பதா! எனக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளே ஏதோ அசையவும் செய்தது.

சும்மா விடுவேனா? “அப்ப நீங்க கதிர்காமத்துல பாரம் வச்சேன்னு சொன்னீங்களே, அது என்ன?”

“அது வேற” என்று சிரித்தார். அவர் மகன் ஒரு விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது, காசை மஞ்சள் தண்ணீரில் கழுவி வெள்ளைத் துணியில் முடிந்து கதிர்காமத் தெய்வத்துக்கு வைத்திருக்கிறார். பையன் எழுந்து நடந்ததும் மாணிக்க கங்கையில் குளித்து, பழத்தட்டோடு போய் நேர்ந்ததைச் செலுத்திவிட்டு, பின்னாலிருக்கும் கிரி வெகர என்ற பௌத்தத் தூபியில் பூ வைத்துவிட்டு வந்தாராம். பிள்ளை, பணம், நோய் எல்லாம் தெய்வத்திடம்தான். புத்தரிடம் கேட்பதில்லை. “அவர் போயிட்டார். போதி மரத்தடியில, ஞானம் வராம எழுந்திரிக்க மாட்டேன்னு உக்காந்தார் பாருங்க, அதத்தான் நாங்க அவர்கிட்ட இருந்து எடுத்துக்கிறோம். அதிட்டானம்.”

புத்தராக வேண்டியவர் நிறைவாக்க வேண்டிய பண்புகளான பத்துப் பாரமிதைகளில் ஒன்று அது. பாலியில் அதற்கு அசையாத உறுதி என்று பொருள். நம் கோயில்களில் சுவரைத் தாங்கி நிற்கும் அடித்தளத்துக்கும் அதே பெயர்தான் என்று கல்லைத் தட்டிக் காட்டினேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. தமிழுக்கும் இது புதிதில்லை. மணிமேகலையின் கடைசிக் காதைக்குப் பெயரே ‘பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதை’. அவளும் யாரிடமும் வரம் கேட்டு நோற்கவில்லை.

பாக்கி ஒரு வருடத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அடுத்த வருடம் எடுத்துவிடுங்கள் என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதானா என்றிருந்தது. இத்தனை நாள் பயந்ததற்குக் கொஞ்சம் பெரிய பதிலாக எதிர்பார்த்தேன் போல.

வீட்டில் பதினொன்றரைக்கே இலை போட்டாயிற்று. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விருந்து சாப்பிட்டது எங்கள் வீட்டில் அதுதான் முதல்முறை. நாலு மணிக்குக் கந்தரப்பமும் சீயமும் வெள்ளைப் பணியாரமும் வந்தன. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். “விருந்தாளியப் பட்டினி போட்டோம்னு ஊர் சொல்லும்” என்று ஆத்தா புலம்பினார்கள். பானகம் குடிக்கலாம் என்று தெரிந்ததும்தான் உயிர் வந்தது. அதன் பிறகு மணிக்கொரு தரம் பானகம். இருட்டினதும் கருப்பட்டி போட்ட சுக்குத் தண்ணீர். பர்மாத் தேக்குக் கட்டிலை விட்டுவிட்டு ஆத்தங்குடிக் கல்லில் பாய் விரித்து அக்கா படுத்தார். கொஞ்ச நேரத்தில் ஆத்தாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். காலில் வலி வைத்துக்கொண்டு எதற்கு இது என்றால் பதில் இல்லை.

காலையில் அக்கா வெள்ளையை மாற்றி நீலப் பூப்போட்ட சேலையில் வந்தார். எடுத்து வைத்திருந்த கந்தரப்பம் நாலையும் சாப்பிட்டார். கார் வந்து நின்றதும் ஆத்தா மடியிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்கள்.

“கதிர்காமத்துல சேத்துருங்க ஆச்சி.”

என்ன வேண்டுதல் என்று எனக்கும் தெரியாது. அக்காவும் கேட்கவில்லை. “அங்க வெள்ளைத் துணியிலதான் முடிவோம், மாத்திக்கலாமா?” என்று மட்டும் கேட்டார்.

“மாத்தக் கூடாது” என்றார்கள் ஆத்தா.

சரியென்று பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்.