கர்ப்பத்துக்குக் கர்ப்பம் ஒரு ஊசி

டர்பனைச் சுற்றி சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் கர்ப்பிணிகளைப் பார்க்கும் கிளினிக்குகளில் வேலை செய்பவர்களுக்கு டெட்டனஸ் ஊசி கைப்பழக்கமாகவே ஆகியிருந்தது. பழைய அட்டையைப் புரட்டுவோம். முறையாக ஐந்து தடவை போட்டிருந்தால் இனி வேண்டாம் என்று அடுத்த வேலைக்குப் போவோம். 2024-இல் தென்னாப்பிரிக்கத் தடுப்பூசித் திட்டத்தில் அந்த ஊசியின் இடத்துக்கு டிடேப் வந்தது. டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் மூன்றுக்கும் சேர்த்த ஊசி இது. மருந்து மாறியதை எல்லோரும் கவனித்தார்கள். கணக்கு மாறியதுதான் மனதில் ஏற நாளாகிறது. டிடேப்புக்கு ‘ஐந்து போட்டால் முடிந்தது’ என்ற பேச்சே கிடையாது. பிறக்கப்போகும் பிள்ளையைக் கக்குவானிலிருந்து காப்பதற்காக ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும்.

“போன பிள்ளைக்கே போட்டாச்சு சிஸ்டர், ரெண்டு வருஷம்தானே ஆகுது” என்று பெண்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. டெட்டனஸை எதிர்க்க உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள் வருடக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். கக்குவானுக்கான எதிர்ப்பொருள் ஊசி போட்டு இரண்டு வாரம் போல உச்சத்துக்குப் போய், ஒரு வருடத்துக்குள் வெகுவாக இறங்கிவிடும். தாயின் உடம்பு அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கும். அது அவளுக்கு உதவும். பிள்ளைக்கு நஞ்சுக்கொடி வழியாகப் போவதோ அந்த நேரத்தில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஐஜிஜி என்ற வகை எதிர்ப்பொருள் மட்டுமே. தன்னிடம் இல்லாததைத் தாய் எப்படிக் கொடுப்பாள்? சிறுவயதில் கக்குவான் வந்து போனவளுக்கும் இதே கணக்குத்தான். இதைப் பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலோர் கையை நீட்டிவிடுகிறார்கள். தோள் ஒன்றிரண்டு நாள் வலிக்கும் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த வலியே அடுத்த கர்ப்பத்தில் ‘வேண்டாம்’ ஆகிவிடும்.

இங்கே வகுத்திருக்கும் காலம் 26 முதல் 34 வாரம். எதிர்ப்பொருள் கடப்பது நாலாம் மாதம் போலவே தொடங்கினாலும் பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் போகிறது. நிறைமாதத்தில் பிள்ளையின் ரத்தத்தில் அது தாயிடம் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். வழக்கமான பரிசோதனைகள் 26, 30, 34 வாரங்களில் வருவதால் மூன்று வாய்ப்பு இருப்பதுபோலத் தோன்றும். முதல் வாய்ப்பிலேயே போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். குறைப்பிரசவம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஊசிக்கும் பிரசவத்துக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரமாவது வேண்டும். எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எச்ஐவியோடு வாழும் தாய்மார் அதிகம். அவர்களிடமிருந்து எதிர்ப்பொருள் கடப்பது சற்றுக் குறைவு, அதனால் அவர்களுக்குத் தள்ளிப்போடுவது இன்னும் கூடாது. பிரிட்டனில் 2012 அக்டோபரில் இத்திட்டம் தொடங்கியபோது 28 வாரத்துக்குப் பிறகு என்றுதான் வைத்தார்கள்; 2016-இல் 16 வாரத்திலிருந்தே போடலாம் என்று மாற்றினார்கள். மூன்று மாதம் நிரம்பாத பிள்ளைகளிடம் நோயைத் தடுப்பதில் அங்கே கண்ட பலன் சுமார் 90 சதவீதம். 34 வாரம் தாண்டி வந்தவளையும் வெறுங்கையோடு அனுப்புவது சரியல்ல. பிள்ளைக்குப் போவது குறைந்தாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கு இருமல் வரும் வாய்ப்பாவது குறையும்.

அளவு 0.5 மில்லி, மேல்கைத் தசையில். அதில் யாரும் தவறுவதில்லை; தவறு குளிர்பெட்டியில்தான் நடக்கிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. மின்வெட்டுக் காலத்தில் எல்லோரும் சூட்டுக்கே பயந்தோம். ஆனால் இந்த மருந்து உறைந்தால் மொத்தமாகக் கெட்டுவிடும், ஏனென்றால் அதில் இருக்கும் அலுமினிய உப்பு கட்டிதட்டி, மறுபடி கலக்காது. கரண்ட் போகிறதே என்ற அவசரத்தில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே மருந்துக்குப் பக்கத்தில் அடுக்குவதுதான் இதற்குக் காரணம். ஐஸ்பேக்கை வெளியே வைத்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருக்க வேண்டும். உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால், அதே பேட்ச்சில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து உருகவிட்டு, இரண்டையும் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நல்ல மருந்து வெகுநேரம் ஒரே சீராகக் கலங்கி நிற்கும். உறைந்ததில் வெண்துகள்கள் செதில்செதிலாய் இறங்கி, அரைமணிக்குள் அடியில் படிந்து, மேலே தெளிநீர் நிற்கும். சந்தேகக் குப்பியும் அப்படியே படிந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பிறந்ததும் பிள்ளைக்குக் காசநோய்க்கான பிசிஜி ஊசியும் போலியோ சொட்டும் கிடைக்கின்றன. ‘தடுப்பூசி போட்டாச்சு’ என்று வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். கக்குவானுக்கான பாகம் உள்ள ஆறு நோய்த் தடுப்பூசி 6 வாரத்தில்தான் தொடங்குகிறது. பிறகு 10, 14 வாரம், 18 மாதம். அந்த முதல் ஆறு வாரம் பிள்ளையிடம் இருப்பது தாய் கொடுத்தது மட்டுமே. அதுவும் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும்.

இந்த வயதில் நோய் வந்தால் இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது வரும் என்று புத்தகத்தில் படித்த ‘ஊப்’ சத்தம் கேட்காது. இருமலே இல்லாமலும் இருக்கும். பால் குடிக்கும் பிள்ளை சட்டென்று சப்புவதை நிறுத்தும், உதட்டோரம் நீலம் பாரிக்கும், மூச்சு சில வினாடி நின்று உடம்பு துவளும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி சப்பத் தொடங்கும். அந்த இடைவேளையில் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால் சுத்தமாக இருக்கும். ‘சளிதான்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் தவறு இங்கேதான் நேர்கிறது. தாய் சொல்வதைக் கேட்டு, ஒரு முழு வேளைப் பாலைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எந்தப் பரிசோதனைக்கும் குறைந்ததல்ல. வெள்ளணு எண்ணிக்கை, அதிலும் லிம்ஃபோசைட், ஏறிக்கொண்டே போனால் அது அபாய அறிகுறி. தீவிர சிகிச்சைப் பிரிவோடு உடனே பேச வேண்டும். மூக்கின் ஆழத்தில் மாதிரி எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புவதற்கு இருமல் தொடங்கிய முதல் மூன்று வாரமே நல்ல காலம். முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது: கிருமியைக் கொல்லும் அசித்ரோமைசின், கிலோவுக்கு 10 மில்லிகிராம், தினம் ஒருவேளை, ஐந்து நாள். பிறந்த குழந்தைக்கு எரித்ரோமைசினைத் தவிர்ப்பது, இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைபடும் ஆபத்து இருப்பதால். சந்தேகம் வந்த 24 மணி நேரத்துக்குள் சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோய் இது என்பதும் வேலையின் பரபரப்பில் மறந்துபோகிறது.

கிருமி பெரும்பாலும் வீட்டிலிருந்தே வருகிறது. ஆடிக் கூழுக்கு உறவெல்லாம் கூடும் காலம் இங்கே குளிர்காலம். மூன்று வாரமாக இருமும் மாமாவும் ஆயாவும் பிள்ளையை வாங்கிக் கொஞ்சுவார்கள். ஆயாவிடம் “தள்ளி நில்லுங்க” என்று மருமகள் சொல்ல முடியாது. நாம் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். வீட்டார் எல்லோருக்கும் ஊசி போட்டுப் பிள்ளையைச் சுற்றி வேலி கட்டும் யோசனை நடைமுறையில் எட்டாததாகவே இருக்கிறது. இப்போதைய ஊசி நோயைத் தடுத்தாலும் தொண்டையில் கிருமி தங்குவதையும் பரவுவதையும் முழுதாகத் தடுப்பதில்லை என்று பபூன் குரங்குகளில் செய்த ஆய்வும் காட்டியது. வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் பிள்ளையோடு புழங்கும் எல்லோருக்கும் அசித்ரோமைசின் கொடுப்பதே உடனடி வழி.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு ஊசி நாளைப் பிறந்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும். ‘எடை ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளக் கூடாது. தாய்க்கு ஊசி போட அவகாசமில்லாமல் பிறந்த பிள்ளை அது. ஆறாவது வாரத்து ஊசிதான் அதற்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு. வார்டிலேயே இருந்தாலும் அன்றைக்கே போட்டு, தேதியையும் பேட்ச் எண்ணையும் பிள்ளையின் நலப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும்.