பின்லாந்துக்குக் கொண்டுபோன 42 கேள்விகள்

பின்லாந்துப் பள்ளிகளைப் பார்த்து வரும் வாய்ப்பு உறுதியானதும் நான் செய்த முதல் வேலை, கேள்வித்தாள் தயாரித்தது. வாத்தியார் புத்தி வேறெப்படிப் போகும்! மொத்தம் 42 கேள்விகள். ஆய்வு அதிகாரி ஆண்டுக்கு எத்தனை முறை வருவார், பாடக்குறிப்பில் யார் கையெழுத்திடுவார், தேர்ச்சி குறைந்தால் விளக்கம் கேட்பது யார் என்று வரிசையாக எழுதிவைத்தேன்.

அதற்குள் காகித வேலைகள். அங்கே பெரும்பாலான பள்ளிகளை நடத்துவது உள்ளாட்சிகள்தான். அதனால் பள்ளித் தலைமையாசிரியருக்கும் நகராட்சிக் கல்விப் பிரிவுக்கும் சேர்த்தே எழுதினேன். நான் கேட்டது பிப்ரவரி மூன்றாம் வாரம். "அந்த வாரம் பனிச்சறுக்கு விடுமுறை, பள்ளி பூட்டியிருக்கும்" என்று பதில் வந்தது. தெற்கே ஆண்டின் 8ஆம் வாரம், நடுப்பகுதியில் 9, வடக்கே 10 என்று பகுதிவாரியாக விடுகிறார்கள். போக நினைப்பவர்கள் தேதி கேட்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மார்ச்சுக்குத் தள்ளிப்போட்டேன்.

ஷெங்கன் விசாவுக்கு (பின்லாந்து உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) அழைப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லாம் சுலபமாகவே கிடைத்தன. மேலிடம் தர வேண்டிய தடையில்லாச் சான்றுதான் பெரிய தடை. ஆறு மாதம் முன்பே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று விதி இருந்தும், அந்த ஒரு தாளுக்காகக் காத்திருந்து கடைசி மாதத்தில்தான் விண்ணப்பித்தேன்.

முதல் நாள் காலை பள்ளி வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். சுவரோரம் சின்னச் சின்னப் பனிக்காலணிகள். உள்ளே எல்லோரும் காலுறையோடு நடக்கிறார்கள். என் இடதுகால் உறையில் கட்டைவிரல் எட்டிப்பார்த்தது, அன்று முழுக்க அதை மறைப்பதே தனி வேலையாகிவிட்டது. பிள்ளைகள் ஆசிரியரை 'ஓப்பே' என்று கூப்பிடுகிறார்கள், 'ஓப்பெத்தாயா' என்ற சொல்லின் சுருக்கம். இல்லாவிட்டால் வெறும் பெயர்தான்.

ஆசிரியர் அறையில் காபி ஆறும் முன்பே கேள்வித்தாளை எடுத்துவிட்டேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியை முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு, "எதை ஆய்வு செய்ய வருவார்? கட்டடத்தையா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியவில்லை. பள்ளி ஆய்வு என்ற ஏற்பாட்டையே 1990களின் தொடக்கத்தில் அங்கே எடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் பொதுவான பெரிய தேர்வு என்பது மேல்நிலைப் பள்ளி முடிவில்தான். அதற்கு முன் தேசிய அளவில் மதிப்பிடுவதெல்லாம் மாதிரிக்குச் சில பள்ளிகளில் மட்டும். அதிலும் தரவரிசை போடுவதில்லை. வகுப்பாசிரியராக முதுகலைப் பட்டம் வேண்டும். சேரும்போதே வடிகட்டிவிடுவதால் பிறகு துரத்துவதில்லை என்று நானே புரிந்துகொண்டேன். 42இல் பாதிக்கு மேல் அந்த ஒரு காபியிலேயே அடிபட்டுப்போயின.

பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினேன். உருப்படியாகக் கற்றுக்கொண்டது அதற்கப்புறம்தான்.

கணக்குப் பாடத்தின் நடுவே வேறொரு ஆசிரியை கதவைத் திறந்து மூன்று பேரைத் தலையசைத்துக் கூப்பிட்டார். அவர் சிறப்பாசிரியர், பாடத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனியாக உதவுபவர். பக்கத்து அறையில் ஒரு பையன் கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் தடுமாறினான். மேசையில் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள். ஒரு கட்டைப் பிரித்து அவன் கையில் கொடுத்துவிட்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நானாக இருந்தால் பத்து நொடியில் விடையைச் சொல்லியிருப்பேன். அவன் இரண்டு முறை எண்ணினான், மூன்றாம் முறை சிரித்தான். இருபது நிமிடத்தில் வகுப்புக்குத் திரும்பினார்கள், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடிக்கடி யாராவது அப்படிப் போய்வருவதால் 'மக்கு' என்று பெயர் விழ வழியில்லை. ஆண்டிறுதியில் தோற்ற பிறகு நாம் செய்வதை இவர்கள் தடுக்கி விழும் அன்றே செய்கிறார்கள். அந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் உசத்தி இதுதான்.

கைவினை வகுப்பில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ரம்பம் பிடிக்கிறார்கள், தைக்கிறார்கள். மதியச் சாப்பாடு எல்லோருக்கும் இலவசம். 1948 முதல் நடைமுறையில் இருக்கிறது. வியாழக்கிழமை பட்டாணி சூப் கிடைத்தது.

எல்லாம் சொர்க்கம் என்று எழுதினால் அது பொய். 15 வயது மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் பிசா தேர்வில் கணக்குக்கு 2006இல் 548 எடுத்த நாடு 2022இல் 484க்கு இறங்கியிருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டதும் தலைமையாசிரியர், "நீங்கள் பதினைந்து வருடம் தாமதமாக வந்திருக்கிறீர்கள்" என்று சிரித்தார். வாசிப்புப் பழக்கம் குறைவதையும் கைப்பேசியையும் பற்றி அவர்களும் நம்மைப்போலவே புலம்புகிறார்கள். பூசி மெழுகவில்லை.

படம் எடுப்பதில் மட்டும் கறார். பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் ஒரு குழந்தை முகம்கூடக் கூடாது என்றார்கள். அதனால் என்னிடம் இருப்பதெல்லாம் காலணி வரிசை, குச்சிக் கட்டு, பனி மூடிய மைதானம்.

அந்த மைதானத்தை நிறையப் பார்த்தேன். 45 நிமிடப் பாடம், பிறகு 15 நிமிடம் வெளியே. மைனஸ் 8 டிகிரியிலும் துரத்திவிடுகிறார்கள். முறை வைத்து ஓர் ஆசிரியர் மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு நடுவில் நிற்கிறார், பேருக்குத்தான். பிள்ளைகள் பனிமேட்டில் உருண்டுவிட்டு, கன்னம் சிவந்து, அடுத்த பாடத்துக்குத் தாங்களாகவே வந்து உட்காருகிறார்கள்.

திரும்பியதும் மேலிடத்துக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. படிவத்தில் 'உடனடியாகச் செயல்படுத்தத்தக்கவை' என்று ஒரு கட்டம். சிறப்பாசிரியரை எழுத ஆசைதான், அதற்குப் பணியிடம் வேண்டும். கடைசியில் ஒரே வரி எழுதினேன்: இரண்டு பாடவேளைக்கு ஒருமுறை 15 நிமிடம் வெளியே விடலாம்.

இரண்டு வாரத்தில் அறிக்கை திரும்பி வந்தது. அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையில், "அந்த 15 நிமிடம் யார் கண்காணிப்பது?" என்று கேட்டிருந்தார்கள்.

என் 42இல் ஒன்று. கீழே 'நான்' என்று எழுதி அனுப்பிவிட்டு, மஞ்சள் மேற்சட்டை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.