'வசதிப்படி' என்ற சொல்

2024 பிப்ரவரி 12

விவாகரத்துக்காக இன்றுதான் முதல் முறையாக வக்கீலைப் பார்க்கப் போனேன். தம்புச் செட்டித் தெருவில் மாடியில் சின்ன அறை, சுவர் முழுக்கக் கட்டுக்கட்டாக வழக்குக் காகிதம். நானும் என் கணவரும் 2022 அக்டோபரிலிருந்து தனித்தனியாக இருக்கிறோம், சண்டை எல்லாம் ஓய்ந்து பேசி முடிவெடுத்துவிட்டோம், அதனால் ஒரு கையெழுத்து, ஒரு வாய்தா, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினேன். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் மேடம், சீக்கிரம் முடிஞ்சா போதும்" என்றேன்.

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு வேண்டாம்னு நீங்க சொல்லலாம். பாப்பாவுக்கு வேண்டாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இல்லைங்க."

அப்புறம் பொறுமையாக விளக்கினார். இந்துத் திருமணச் சட்டத்தில் 13பி என்ற பிரிவு 1976-ல் சேர்ந்தது, இருவரும் சம்மதித்து விவாகரத்துக்குக் கூட்டு மனு போடுவதற்கு அதுதான் வழி. குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். இடையில் ஒருவர் மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், 1991-லேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்கிறதாம். இது எனக்குப் புதுச் செய்தி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன்.

பிப்ரவரி 27

மேடம் இருவருக்கும் ஒரே மாதிரி படிவம் கொடுத்திருக்கிறார். சம்பளம், கடன், பிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட், சீட்டு, நகைக்கடன், எல்லாம் எழுத வேண்டும். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன முறை அது. கூட்டு மனுவுக்குக் கட்டாயமில்லை என்றாலும் தன்னிடம் வருபவர்கள் எல்லோரையும் எழுத வைப்பாராம்.

நான் கணவருக்குத் தெரியாமல் மூன்று வருடம் ஒரு சீட்டு கட்டி 1,80,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தேன். பயத்தில் சேர்த்த பணம். அதையும் எழுதினேன். எழுதும்போது கை கூசியது, ஆனால் அவருடைய படிவத்தில் நான் அறியாத ஒரு தனிநபர் கடன் இருந்ததைப் பார்த்தபோது, இந்தப் படிவத்தைக் கல்யாணமான முதல் வருடத்திலேயே நாங்கள் இரண்டு பேரும் நிரப்பியிருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

மார்ச் 10

விருத்தாசலம் போனேன். அப்பா பீரோவிலிருந்து கல்யாணக் கணக்கு நோட்டை எடுத்துத் தந்தார். 2014-ல் எழுதியது. மண்டபம், சமையல், பூ, மொய் எல்லாம் அவர் கையெழுத்தில். நகைக்குத் தனிப் பக்கம்: ஆரம் 8 பவுன், நெக்லஸ் 5, வளையல் ஆறு சேர்த்து 9, இப்படி மொத்தம் 36 பவுன். பக்கத்திலேயே ரசீது ஒட்டியிருந்தார். மாமியார் வீட்டில் போட்டது 6 பவுன், அதையும் எழுதி வைத்திருக்கிறார் அப்பா.

பெண்ணுக்குக் கல்யாணத்தில் வந்தது அவளுடைய சீதனம், கணவர் வீட்டார் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே என்று 1985-ல் தீர்ப்பு இருக்கிறது என்று மேடம் சொல்லியிருந்தார். அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். "எடுத்துட்டுப் போம்மா, நீயே வெச்சுக்கோ" என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பேச முடியவில்லை.

ஏப்ரல் 4

இன்றைய நாளை முழுசாக எழுத வேண்டும்.

ஒப்பந்த வரைவை அவர் தரப்பு வக்கீல் அனுப்பியிருந்தார். மூன்றே பக்கம். படித்தபோது எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மேடம் சிவப்பு மையில் முதலில் வட்டமிட்ட சொல் 'வசதிப்படி'. "தந்தை குழந்தையை இருவரின் வசதிப்படி சந்திக்கலாம்" என்று இருந்தது.

"இன்னைக்கு உங்க ரெண்டு பேருக்கும் நல்ல மனசு இருக்கு. நாளைக்கு அவருக்கு வேற கல்யாணம் ஆகலாம், உங்களுக்கு வேலை மாறலாம். அப்போ யாரோட வசதி?"

ஒன்றரை மணி நேரம் அந்த ஒரு வரிக்கே போனது. மாதத்தில் முதல், மூன்றாம் வாரங்கள்: சனி காலை 10 மணிக்கு அவர் என் வீட்டு வாசலில் வந்து கூட்டிப் போக வேண்டும், ஞாயிறு மாலை 6 மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். கோடை விடுமுறையில் பாதி. பொங்கல் ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே, தீபாவளி அதற்கு எதிர் வரிசையில். வாரத்தில் இரண்டு நாள் இரவு 7.30-க்கு வீடியோ அழைப்பு. பாஸ்போர்ட் எடுக்க, வெளிநாடு கூட்டிப் போக இருவரின் எழுத்துச் சம்மதம். வேறு ஊருக்குக் குடிபோவதென்றால் அறுபது நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். பள்ளி மாற்றுவது, அறுவை சிகிச்சை போன்ற பெரிய முடிவுகளைக் கலந்து பேசித்தான் எடுக்க வேண்டும்.

கேட்கக் கேட்க நெஞ்சு அடைத்தது. என் மகளின் தீபாவளியை இப்படிக் கட்டம் போட்டுப் பிரிப்பதா என்று அழுதேன். ஜூனியர் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மேடம் அவசரப்படுத்தவில்லை.

அடுத்து பணம். பாப்பாவுக்கு மாதம் 18,000, ஒவ்வொரு ஏப்ரலிலும் 7 சதவீதம் கூட்ட வேண்டும், பள்ளிக் கட்டணத்தில் பாதி தனியாக. அந்த உயர்வு வரி முதல் வரைவில் இல்லவே இல்லை. பாப்பாவுக்கு இப்போது ஏழு வயது, பதினெட்டு வயதில் இந்த 18,000 எதற்கு ஆகும்? எனக்கு நிரந்தர ஜீவனாம்சம் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன், எனக்கு வேலை இருக்கிறது. அது என் முடிவு என்று தெளிவாக எழுதச் சொன்னார். பாப்பாவுக்கான தொகை அந்த வரியில் கலந்துவிடாமல் தனிப் பத்தியாக வர வேண்டும் என்றும் சொன்னார்.

மே 16

மடிப்பாக்கம் ஃபிளாட் இருவர் பெயரிலும் இருக்கிறது. கடனும் இருவர் பெயரில், இன்னும் 31 லட்சம் பாக்கி. வீடு அவருக்கு, எனக்கு 14 லட்சம் என்று பேசியிருந்தோம். நாங்கள் என்ன எழுதிக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது என்பதை இன்று வங்கிக்குப் போன பிறகுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். கடன் பத்திரத்தில் என் கையெழுத்து இருக்கும்வரை அவர் ஒரு தவணை தவறினாலும் என்னைத்தான் கேட்பார்கள், என் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும். வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு கடனை மட்டும் சுமக்கும் நிலை வந்திருக்கும்.

அதனால் வரிசையை மாற்றினோம். முதலில் வங்கி கடனை அவர் ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும், அதன் பிறகு வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நான் எழுதிக் கொடுப்பேன், அதே நாளில் டிடி என் கைக்கு வர வேண்டும்.

ஜூன் 20

உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் குடும்ப நீதிமன்றத்தில் முதல் வாய்தா. காலை பத்து மணிக்கே வராந்தாவில் நிற்க இடமில்லை. மடியில் குழந்தையோடு, ஃபைல் கவரோடு, தனியாக, அம்மாவோடு என்று எத்தனை பேர்! குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-ன்படி இங்கே வக்கீல் ஆஜராவது உரிமை இல்லை, நீதிமன்றம் அனுமதித்தால்தான். அதனால் நீதிபதி நேராக எங்களையே கேட்டார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தீர்களா. மூன்றுக்கும் பதில் சொன்னேன். ஆலோசகரிடமும் அனுப்பினார்கள், அவர் அரை மணி நேரம் பாப்பாவைப் பற்றி மட்டுமே கேட்டார்.

14 லட்சத்தில் 4 லட்சத்துக்கான டிடியை அவர் இன்று கொடுத்தார். நகையைப் போன வாரமே லாக்கரில் இருந்து எடுத்து நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஆரம் மட்டும் 2020-ல் அடகு வைத்தது, என் சம்மதத்தோடுதான். அதை மீட்டுத் தர வேண்டும் என்பது தனி வரியாக இருக்கிறது. மாமியார் போட்ட 6 பவுனை நானே திருப்பிக் கொடுத்தேன். சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை என்று மேடம் சொன்னார். எனக்கு வைத்திருக்க மனசில்லை.

ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். 2017 தீர்ப்புக்குப் பிறகு அது முடியும்: மனு போடும்போதே பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி எல்லாம் தோற்றிருக்க வேண்டும், பணம், குழந்தை விஷயமெல்லாம் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும், அதற்கு மேல் நீதிபதியின் முடிவு. "உங்களுக்கு இருபது மாசம் ஆச்சு, கேட்கலாம். ஆனா வங்கி வேலை முடியலையே. எல்லாம் தீர்ந்துடுச்சுன்னு எப்படி எழுதுவீங்க?" கேட்கவில்லை.

செப்டம்பர் 3

அத்தை போன் செய்து, ஆறு மாதம் கொடுத்திருப்பதே சேர்ந்து வாழத்தான் என்றார். அன்பில் சொன்னது. பதில் பேசவில்லை.

நவம்பர் 13

கடன் அவர் பெயருக்கு மாறிவிட்டது, நான்கு மாதம் அலைந்து. இன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிந்தோம். தீர்ப்புக்கு முன்பே பதிய வேண்டும் என்று மேடம் அவசரப்படுத்தியதற்குக் காரணம் இருந்தது. குடும்ப உறுப்பினர்களுக்கு இடையே என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. தீர்ப்பு வந்துவிட்டால் நாங்கள் குடும்பம் கிடையாது, அந்தச் சலுகையும் கிடையாது.

பத்திரத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் "அவர் மனைவி" என்று இருந்தது. கைரேகை வைக்கும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 10 லட்சத்துக்கான டிடியை அவர் கவரில் வைத்து நீட்டினார், கூடவே மீட்ட ஆரத்தை ஒரு சிவப்புப் பெட்டியில். "சரி பார்த்துக்கோ" என்றார். திறந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன், கொக்கி வளைந்திருந்தது.

2025 ஜனவரி 8

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சம்மதம் அப்படியே இருக்கிறதா என்றார் நீதிபதி. இருக்கிறது என்றோம். ஒப்பந்தம் தீர்ப்பின் ஒரு பகுதியாகச் சேர வேண்டும் என்று மேடம் எழுந்து கேட்டுக்கொண்டார், நீதிபதி சேர்த்தார். அது தனிக் காகிதமாகவே நின்றிருந்தால், நாளை யாராவது மீறும்போது அதற்கென்று புதிதாக ஒரு வழக்கு போட வேண்டியிருக்கும். இப்போது தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லிக் கேட்டால் போதும்.

வெளியே வந்து அவர் "பாப்பாவுக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா" என்றார். சேர்ந்தே சொல்லலாம் என்றேன். ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்று. அன்று மாலையே பூங்காவில் உட்கார்ந்து சொன்னோம். அவள் கேட்டது ஒன்றுதான்: அந்த வீட்டில் அவளுடைய சைக்கிள் அப்படியே இருக்குமா?

ஜனவரி 27

சான்றிட்ட நகல் வந்தது. பிஎஃப் நியமனம், ஆயுள் காப்பீடு, வங்கிக் கணக்கு, மூன்றிலும் அவர் பெயர்தான் இருந்தது; தீர்ப்பு வந்ததால் தானாக மாறிவிடாது. மூன்று படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 1

முதல் சனிக்கிழமை. அவர் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்து வாசலில் நின்றார். பாப்பா பையில் இரண்டு நாள் துணி, கணக்கு நோட்டு, சளி மருந்து வைத்தேன், மருந்தை எத்தனை வேளை என்று ஒரு சீட்டில் எழுதி நோட்டுக்குள் செருகினேன். படியிறங்கியவள் திரும்பி வந்து சைக்கிள் பம்பைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.