"வாங்கட்டுமா அக்கா?"

போன மாதம் தங்கைக்குச் சர்க்கரை என்று உறுதியானது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.4. எங்கள் குடும்பத்துக்கு இது புதிதில்லை, அம்மாவுக்கு இருந்தது, எனக்கு ஆறு வருடமாக இருக்கிறது, ஆனாலும் அவளுக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லையே என்று மனசு ஆறவே இல்லை. இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். குடல் பாக்டீரியாவைச் சரிசெய்து சர்க்கரையைக் குறைக்கும் என்று சொல்லும் கேப்சூல், ஒரு மாதத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம். கீழே ஒரே வரி: "வாங்கட்டுமா அக்கா?"

வேண்டாம் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் குடல் பாக்டீரியாவுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்று அந்த விளம்பரம் சொல்வது உண்மைதான், அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. அன்று இரவு அவளிடம் போனில் ஒரு மணி நேரம் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் ஒரு கணக்குப் போட்டார்கள். எல்லாம் சேர்த்தால் எடை 200 கிராம்தான் வரும். பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நாம் தின்னும் நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது, அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும், அங்கே இவை அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்று சின்னச் சின்ன கொழுப்பு அமிலங்களாக்கும். குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே இந்த பியூட்டிரேட்தான். இந்த அமிலங்கள் குடலில் ஜிஎல்பி-1 என்ற, சர்க்கரையையும் பசியையும் குறைக்க உதவும் ஹார்மோனையும் சுரக்கத் தூண்டுகின்றன. இப்போது எல்லோரும் பேசும் எடைக்குறைப்பு ஊசி இருக்கிறதே, செமாக்ளூடைட், அது இந்த ஹார்மோனைப் போலச் செய்த மருந்துதான். நார்ச்சத்தே வராவிட்டால் சில பாக்டீரியாக்கள் குடல்சுவரின் மேல் இருக்கும் சளிப்படலத்தையே அரித்துத் தின்ன ஆரம்பிக்கும், எலிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, பாக்டீரியாவை மாற்றினால் உடம்பு மாறுமா? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜெஃப்ரி கார்டன் என்பவரின் ஆய்வகம் இதற்காகவே ஒரு கிருமிகூட இல்லாத கூண்டுகளில் எலிகளை வளர்த்தது. 2004இல் அப்படி வளர்ந்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் உடல் கொழுப்பு கிட்டத்தட்ட 60 சதவீதம் கூடிவிட்டது, அதுவும் முன்னைவிடக் குறைவாகச் சாப்பிட்டு!

ஆனால் நான் தங்கைக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னது அதே ஆய்வகம் 2013இல் செய்ததை. இரட்டைச் சகோதரிகள், ஒருத்தி குண்டு, ஒருத்தி ஒல்லி. இருவருடைய மலத்திலிருந்தும் பாக்டீரியாவை எடுத்துக் கிருமியில்லாத எலிகளுக்குக் கொடுத்தார்கள். குண்டுச் சகோதரியின் பாக்டீரியா போன எலிக்குக் கொழுப்பு கூடியது, மற்றதற்குக் கூடவில்லை. பிறகு இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும், அந்த வழியாக ஒல்லி எலியின் பாக்டீரியா குண்டு எலிக்குள் போய்க் குடியேறியது, கொழுப்பு ஏறுவதும் நின்றது. ஆனால் இது நடந்தது கொழுப்பு குறைவாகவும் தாவர நார் அதிகமாகவும் இருந்த தீனி போட்டபோது மட்டும்தான். காய், பழம் குறைந்து கொழுப்பு மிகுந்த தீனியைப் போட்டபோது, அதே கூண்டு, அதே பாக்டீரியா, ஒரு பயனும் இல்லை.

மனிதர்களிலும் முயன்று பார்த்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் மேக்ஸ் நியூடார்ப் குழு, வயிற்றுப் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலின் இருந்தும் உடம்பில் சரியாக வேலை செய்யாத நிலை) உள்ள ஆண்களுக்கு ஒல்லியானவர்களின் மலத்திலிருந்து எடுத்ததைக் குழாய் வழியாகச் சிறுகுடலுக்குள் செலுத்தியது. 2012இல் வெளியான முடிவில், ஆறு வாரத்தில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது, பியூட்டிரேட் செய்யும் பாக்டீரியாவும் கூடியது. எடை குறையவில்லை. பிறகு பெரிதாகச் செய்த ஆய்வில், பதினெட்டாவது வாரத்தில் பார்த்தால் அந்த நன்மை போய்விட்டிருந்தது. முழுக் குடலின் பாக்டீரியாவையே கொண்டுபோய் இறக்கியும் இவ்வளவுதான் என்றால், நான்கைந்து வகையை அடைத்த கேப்சூல் என்ன செய்துவிடும்? அவற்றில் பெரும்பாலானவை குடலில் நிரந்தரமாகத் தங்குவதே இல்லை.

அப்புறம் பழைய சோறு. அது குடல் பாக்டீரியாவுக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்று ஒரு ஃபார்வர்டும் அவளுக்கு வந்திருந்தது. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வகையாக மாறுவது உண்மை, பாக்டீரியாவுக்கு அது தீனியும்கூட. ஆனால் மிச்சமெல்லாம் சோறுதான். ஒரு சட்டி நிறையக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

சர்க்கரைக்கு டாக்டர் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் "மாத்திரை வயிற்றைக் கெடுக்கிறது, அதை நிறுத்திட்டு இதைச் சாப்பிடலாமா" என்று கேட்டாள். எனக்கும் முதல் மாதம் வயிற்றுப்போக்குதான், டாக்டர் அளவைக் குறைத்து மெல்ல ஏற்றிய பிறகு சரியானது. அந்த மாத்திரையே குடல் பாக்டீரியாவை மாற்றுகிறது என்பது படித்தபோதுதான் தெரிந்தது. 2017இல் வந்த ஓர் ஆய்வில், நான்கு மாதம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களின் மலத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகளின் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. குடலுக்கு நல்லது செய்ய நினைத்து இந்த மாத்திரையை நிறுத்துவது எவ்வளவு தப்பு என்று அவளுக்கு அழுத்திச் சொன்னேன். யாராக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

கேப்சூலை அவள் வாங்கவில்லை. சோற்றைப் பாதியாக்கிவிட்டு தட்டைப்பயறு, கொள்ளு, வாழைத்தண்டு, கொத்தவரங்காய் என்று மாற்றி மாற்றிச் செய்கிறாள். நேற்று இரவு கூப்பிட்டாள், வயிறு கல் மாதிரி உப்பிக்கொண்டிருக்கிறதாம், இது ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பயம். நாலு நாளில் இவ்வளவு நாரைக் கொண்டுபோய்க் கொட்டினால், பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கும்போது வாயு வரத்தான் செய்யும். பயறை ராத்திரியே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவை, இந்த வாரம் அரைக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள், அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம் என்றேன்.